மார்மன்கள் எல்லோரும் கைவண்டி இழுத்தா யூட்டா போனார்கள்?

பனியில் கைவண்டி இழுக்கும் குடும்பத்தின் ஓவியத்தோடு, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் அனைவரும் இப்படித்தான் மேற்கு அமெரிக்காவிலுள்ள யூட்டா போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு பதிவு பரவுகிறது. அது தவறு.

1847 ஜூலையில் மார்மன் தலைவர் பிரிகாம் யங் வழிநடத்த, யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த முதல் குழு, கால்நடைகள் இழுத்த கூண்டுவண்டிகளுடன் வந்தது. 1869இல் ரயில் பாதை இணையும்வரை வந்த ஏறத்தாழ 70,000 பேரில் பெரும்பாலோர் வந்ததும் அப்படியே. வண்டியைச் சாமான்கள் அடைத்துக்கொண்டதால் பலர் பக்கத்தில் நடந்தார்கள் என்பது உண்மை. கைவண்டிப் பயணம் 1856 முதல் 1860 வரை மட்டுமே. பத்துக் குழுக்களில் சுமார் 3,000 பேர். மிஷனரிகளின் பேச்சைக் கேட்டு பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் மதம் மாறிய, மாடும் வண்டியும் வாங்க வழியற்ற ஏழைகளே அவர்களில் மிகுதி.

ஓவியத்தில் தெரியும் துயரம் பொய்யல்ல. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1856இல் வில்லி, மார்ட்டின் என்பவர்கள் நடத்திய இரண்டு கைவண்டிக் குழுக்கள் காலம் தாழ்த்திப் புறப்பட்டன. காயாத மரத்தில் அவசரமாகச் செய்த வண்டிகள் வழியிலேயே உடைந்தன. அக்டோபரில் வழியிலுள்ள வயோமிங்கில் பனிப்புயல் மறித்தது. ஏறத்தாழ 1,000 பேரில் 200க்கும் மேற்பட்டோர் குளிரிலும் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். எஞ்சியவர்களைக் காப்பாற்றியவை சால்ட் லேக்கிலிருந்து மாவும் போர்வையும் ஏற்றி வந்த மீட்பு வண்டிகள்.