நிற்கச் சொன்னால் நிற்காத இழைகள்

ஜாவா மொழியில், காத்திருக்கும் ஓர் இழையை (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடரை) நிறுத்தக் கேட்கும்போது எறியப்படும் விதிவிலக்கான இன்டரப்டட் எக்செப்ஷனைப் பிடித்து, அதைக் கையாள வேண்டிய கேட்ச் அடைப்புக்குறிகளுக்குள் ஒரு வரியும் எழுதாமல் எழுந்து போகும் துணிவு கொழும்பு நிரலாளர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறது?

கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், புதிய பதிப்பு ஏற்றும் இரவுகளில் எல்லாம் இதே கூத்துத்தான். சேவையை நிறுத்தச் சொன்னால் அது நிற்பதில்லை. ஏதோ ஓர் இழை பின்னணியில் சுழன்றுகொண்டே இருக்கிறது. கடைசியில் யாராவது கில் -9 என்ற கட்டாய நிறுத்தக் கட்டளையை அடித்து எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சாகடிக்கிறார்கள். "ஸ்டாப் என்றொரு மெதட் இருக்கிறதே தம்பி, அதைப் போடலாமே" என்று ஒரு மூத்தவர் அறிவுரை வேறு சொல்கிறார். அந்த மெதட் 1998இல் வந்த ஜாவா 1.2இலேயே 'இனிப் பயன்படுத்த வேண்டாம்' என்று கைவிடப்பட்டது, ஐயா! இழை பிடித்திருந்த பூட்டுகளை (ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டும் தரவைத் தொடவிடும் காவல்களை) அது அந்தக் கணமே விடுவித்துவிடும்; பாதி மாற்றப்பட்ட கணக்குத் தரவை மற்ற இழைகள் முழுமையானது என்று நம்பி எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த ஜாவா 20 முதல் அதை அழைத்தால் எக்செப்ஷன் மட்டுமே கிடைக்கும்.

ஸ்டாப்புக்குப் பதிலாக இருக்கும் இன்டரப்ட் என்பது கட்டளையன்று, வேண்டுகோள். அது 'நிற்கச் சொன்னார்கள்' என்று இழைக்குக் காட்டும் ஒரு கொடியை உயர்த்துகிறது, அவ்வளவே. இழை அப்போது ஸ்லீப்பிலோ வெய்ட்டிலோ (உறக்கத்திலோ காத்திருப்பிலோ) இருந்தால், எக்செப்ஷன் எறியப்படுவதோடு அந்தக் கொடியும் இறக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே வெறும் கேட்ச், வந்த வேண்டுகோளைச் சுவடே இல்லாமல் அழித்துவிட்டு, சுழற்சியைப் பழையபடி ஓட விடுகிறது. எக்செப்ஷனை மேலே, அழைத்த நிரலுக்கு எறியுங்கள். முடியாவிட்டால் நடப்பு இழையின் மீது இன்டரப்டை மறுபடியும் அழைத்துக் கொடியை உயர்த்துங்கள். ஒரே ஒரு வரி! அதை எழுதச் சோம்பல்பட்டு, "இது ஒருபோதும் நடக்காது" என்று குறிப்பு எழுத மட்டும் நேரம் கிடைக்கிறது. மாறியின் பெயருக்காக அரைநாள் சண்டை பிடிக்கும் மீளாய்வாளர்களின் கண்ணில் இது படுவதும் இல்லை.

கணக்கீட்டிலேயே மூழ்கியிருக்கும் சுழற்சி கொடியைத் தானே அவ்வப்போது பார்க்க வேண்டும். பழைய பாணி சொக்கெட் (வலையிணைப்பு முனை) ஒன்றிலிருந்து வாசிக்கக் காத்திருக்கும் சாதாரண இழைக்கோ இன்டரப்ட் காதிலேயே விழாது. வெளியிலிருந்து அந்தச் சொக்கெட்டை மூடித்தான் அதை எழுப்ப வேண்டும்.

இவை எதையும் செய்யாமல், "ஷட்டவுன் நவ் போட்டாயிற்று, எல்லாம் நின்றிருக்கும்" என்கிறார்கள். இழைத் தொகுதியை மூடும் மெதட் அது; ஓடும் இழைகளுக்கு அதுவும் வழக்கமாக இதே இன்டரப்டைத்தான் அனுப்புகிறது; அவை முடியும்வரை காத்திருப்பதில்லை. அவேய்ட் டெர்மினேஷனை அழைத்து, குறித்த நேரத்துக்குள் உண்மையிலேயே முடிந்தனவா என்று பார்க்காமல், நிறுத்தியாயிற்று என்று என் மேசைக்கு ஒருவரும் வர வேண்டாம்.