பலகைக்கும் கிலோ 3,500 ரூபாயா?

கேக்கைப் பலகையோடு சேர்த்து நிறுத்துக் காசு வாங்குகிறார்கள். உங்களுக்கும் நடந்திருக்கும், பிறந்தநாள் அவசரத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் போன வருடம் வரைக்கும் கவனிக்கவில்லை. இந்த முறை கண்ணால் பார்த்தேன். இரண்டு நாளாக வயிறு எரிகிறது.

மகளுக்கு ஐந்து வயது. மண்டபத்தில் கேட்டால் ஒரு சாப்பாடு 1,800 ரூபாய், ஐம்பது பேருக்குக் குறைந்து எடுக்க மாட்டார்களாம். 90,000 ரூபாய்க்கு நாங்கள் எங்கே போவது? மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முற்றமே போதும் என்று முடிவெடுத்தோம். "வீட்டில வச்சா என்னகா செலவு? ரோல்ஸும் கேக்கும்தானே" என்றார் மாமி.

அந்தக் கேக்குக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முதலே டவுணில் ஒரு கேக் கடையில் சொல்லி வைத்தேன். ரிப்பன் கேக், இரண்டு கிலோ, மேலே பட்டாம்பூச்சி. கிலோ 3,500. மொத்தம் 7,000 என்று கணக்குப் பார்த்து, அதில் 3,000 முற்பணமும் கொடுத்தேன். அன்றைக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு எடுக்கப் போனால், அங்கே நின்ற பிள்ளை கேக்கைத் தூக்கித் தராசில் வைக்கிறது. 2.740.

"9,590 அக்கா."

"நான் இரண்டு கிலோதானே சொன்னேன்?"

"கைவேலைதானே அக்கா, கூடக்குறைய வரும்."

கூட வருகிறது, சரி. ஏன் ஒரு நாளும் குறைய வருவதில்லை? இத்தனை வருடத்தில் யாருக்காவது 1.740 வந்து, மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா?

"பலகையைக் கழிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சேத்துத்தான் அக்கா நிறுக்கிற."

பில் வந்தது. அதில் கடைசி வரி: பலகை 350. இரண்டு தரம் வாசித்தேன். கேக் விலைக்கு நிறுத்த பலகைக்கு மறுகா ஏன் தனிக் காசு? உள்ளே இருந்து முதலாளி எட்டிப் பார்த்து, "வேணாமெண்டா வச்சிட்டுப் போங்க" என்றார். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வரப்போகிறார்கள். கேக்கில் என் மகளின் பெயர் எழுதியிருக்கிறது. எந்தத் தாய் அதை வைத்துவிட்டுப் போவாள்? அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னார். முற்பணம் போக மிச்சம் 6,940 ரூபாயையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பலகையைக் கழுவித் துடைத்து வீட்டுத் தராசில் வைத்தேன். 430 கிராம். பிளாஸ்டிக் பட்டாம்பூச்சியும் உள்ளே குத்தியிருந்த குச்சிகளும் 85 கிராம். ஆகமொத்தம் 515 கிராம். சாப்பிட முடியாத சாமானுக்கு நான் கொடுத்தது 1,802 ரூபாய், அதற்கு மேலே 350. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் வர்த்தமானியே போட்டார்கள். எனக்கு விற்ற மரமும் பிளாஸ்டிக்கும் ஒரு பாணை விடக் கனம்!

நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். சொல்லத்தான் போகிறேன், பில் என் கையில் இருக்கிறது. நீங்களும் எடுக்கப் போகும்போது வெறும் பலகையை முதலில் நிறுக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் காசு.

மற்றச் செலவுகளையும் கேளுங்கள். ரோல்ஸ் பொரித்துக்கொண்டு இருக்கும்போதே காஸ் முடிந்தது. வாடகைக் கதிரையில் ஒன்று வரும்போதே கால் வெடித்திருந்தது, அதற்கும் எங்களிடம்தான் காசு. இருபது பிள்ளைகளுக்குச் சொன்னோம், தம்பி தங்கச்சியோடு முப்பத்தைந்து வந்தார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை, வந்ததுகள் சந்தோசமாக விளையாடின. ஆனால் இருபதாயிரத்துக்குள் முடியும் என்றது நாற்பத்தி மூவாயிரத்தில் வந்து நிற்கிறது. அதில் நான் லீவு போட்டு இரண்டு நாள் அடுப்படியில் நின்றதற்கு ஒரு சதம் கூட இல்லை. அதை யாரும் செலவு என்றே எண்ணுவதில்லை. "வீட்டிலதானே வச்சீங்க, லாபம்தானே" என்று நேற்றும் ஒருவர் கேட்டார்.

இன்னொன்று. அவ்வளவு காசு கொடுத்த கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வருகிறேன், பாலம் தாண்டியதும் நடுறோட்டில் நாலு கட்டாக்காலி மாடு. ஓட்டோக்காரத் தம்பி பிறேக் அடித்தார், கேக் சரிந்து மகளின் பெயரில் பாதி பெட்டியில் ஒட்டிவிட்டது. இந்த மாடுகளுக்குச் சொந்தக்காரர் இல்லையா? விடியப் பால் கறக்க மட்டும் தேடிப் பிடித்துக் கொண்டு போகிறீர்களே, கறந்த பிறகு கட்டி வைக்க உங்கள் வீட்டில் ஒரு கயிறு இல்லையா? இரவில் அந்தக் கறுப்பு மாடு றோட்டில் படுத்திருந்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?