இருபது கம்பி வீலும் எண்பத்தைந்து கிலோ ஆளும்

ரோடு பைக் வாங்கி ஒரு வருடம் ஓட்டிய எவரும் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ப்ரோ, வீல் மாத்தலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?" கேட்கும்போதே போனில் படம் தயாராக இருக்கும். 50 மில்லிமீட்டர் உயரக் கார்பன் ரிம், அதாவது டயர் உட்காரும் வளையம், முன்னால் 20 கம்பி, பின்னால் 24, கறுப்பு ரிம்மில் கறுப்பு எழுத்து. பார்க்க அழகுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் கேட்பவர் என்னைப் போல எண்பது கிலோவைத் தாண்டியவர், ஓட்டுவது சென்னைச் சாலையில், போட்டிக்கெல்லாம் போகிறவரும் இல்லை என்றால், நான் சொல்லும் பதில் அவருக்குப் பிடிப்பதில்லை. 32 துளை ஹப் (வீலின் நடுக்குடம்) ஒரு ஜோடி, சாதாரண அலுமினிய ரிம் ஒரு ஜோடி, கம்பியும் அதை ரிம்மில் பிடிக்கும் மரை போட்ட நிப்பிளும் தனியாக வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நீங்களே கோத்துக் கட்டுங்க என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆளாளுக்கு அரைகுறையாகச் சொல்வதை ஒரே தடவை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

காசு மிச்சமாகுமா? ஆகாது. ரெடிமேட் அலுமினிய வீலைவிடக் கொஞ்சம் கூடவே ஆகும், வெளிநாட்டுக் கம்பிக்கு வரி வேறு இருக்கிறது. எடை குறையுமா? குறையாது, சில சமயம் கூடும். சுற்றுகிற எடையில் ஒரு கிராம் குறைத்தால் பத்து கிராம் குறைத்த மாதிரி என்று ஒரு கதை எல்லாக் குரூப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிம்மின் விளிம்பில் இருக்கும் எடை, வேகம் கூட்டும்போது மட்டும் இரண்டு மடங்காகக் கணக்கில் வரும், அதற்கு மேல் கிடையாது. சீரான வேகத்தில் அந்த இரண்டு மடங்கும் இல்லை. 200 கிராம் குறைத்தால் 400 கிராம் பலன். ஆள், பைக், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 95 கிலோ என்றால் அது அரை சதவீதம்கூட இல்லை. உயரமான ரிம் காற்றை நன்றாக வெட்டும் என்பது உண்மை, 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக மிதிக்கிறவருக்கு அது பெரிய விஷயம். நாம் விடிகாலையில் கூட்டமாக ஈசிஆரில் 28-ல் போய், பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள்.

பின்னே எதற்குக் கட்ட வேண்டும்?

என் பழைய ஃபேக்டரி வீல், ஒரு 300 கிலோமீட்டர் பிரெவேயில் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி), திண்டிவனம் தாண்டி, குண்டு குழி எதுவும் இல்லாத நல்ல சாலையில் 'டிங்' என்று ஒரு கம்பியை விட்டது. பின் வீல், 24 கம்பி. அதில் ஒன்று போனதும் ரிம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்து, பிரேக்கை முழுசாகத் திறந்துவிட்ட பிறகும் டயர் ஃபிரேமில் உரசியது. 300-க்கு 20 மணி நேரம் கொடுப்பார்கள், நேரம் தாராளமாக இருந்தது, வீல்தான் இல்லை. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதைவிடக் கடுப்பு அடுத்து வந்தது. அந்த வீலுக்கு நேராகச் சொருகும் தட்டைக் கம்பி, அந்தக் கம்பெனிக் கம்பி மட்டும்தான் சேரும், "வெளிநாட்ல இருந்து வரணும் சார்" என்றார்கள் கடையில். ஒரே ஒரு கம்பிக்காக ஒரு முழு வீல் வாரக்கணக்கில் சுவரில் தொங்கியது. 32 கம்பி வீலில் ஒன்று போனால் பக்கத்துக் கம்பிகளைக் கால் சுற்று, அரை சுற்று தளர்த்தி, பிரேக்கைத் திறந்துவிட்டு வீடு வந்து சேரலாம். முன் வீல், பின் வலது, பின் இடது என்று ஸ்பேர் கம்பி மூன்று அளவிலும் ஒவ்வொன்று, சீட் போஸ்ட்டுக்குள் துணி சுற்றிச் சொருகி வைத்திருந்தால் அங்கேயே மாற்றலாம்.

நல்ல ரோட்டில் ஏன் உடைந்தது என்பதுதான் இதில் சுவாரஸ்யமான பகுதி. கம்பி ஒரே ஒரு குழியில் விழுந்து உடைவது அபூர்வம். களைத்துத்தான் உடையும். சைக்கிள் வீலில் எல்லாக் கம்பியும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டவை. விறைப்பான ஆரங்களுக்குப் பதில் இழுத்துக் கட்டிய கம்பி போதும், எடை குறையும் என்று 1808-லேயே ஜார்ஜ் கெய்லி என்ற ஆங்கிலேயர், அதுவும் பறக்கும் இயந்திரத்துக்காக, யோசித்து வைத்திருக்கிறார். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்தில் ரிம் துளியூண்டு உள்ளே அமுங்கும். அங்கே இருக்கும் நாலைந்து கம்பி தளரும், மற்றவற்றில் பெரிதாக மாற்றம் இருக்காது. வீல் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பிக்கும் அந்த முறை வரும். 28 மில்லிமீட்டர் டயர் போட்ட வீல் ஒரு சுற்றில் சுமார் 2.13 மீட்டர் போகும், அதாவது கிலோமீட்டருக்கு 470 சுற்று. 300 கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தடவை தளர்ந்து இறுகுகிறது. ஹப் துளையில் மாட்டும் வளைவில்தான் அந்த அலைச்சல் எல்லாம் சேரும், அங்கேதான் முறியும். போதிய இழுவிசை இல்லாத கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுசாகத் தளர்ந்து, துளைக்குள் ஆடி, சீக்கிரம் முறியும். இறுக்கமாக இருப்பது தப்பிக்கும், லூசாக இருப்பதுதான் சாகும்.

இதிலிருந்து இன்னொரு விஷயம் வருகிறது, சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நடுவில் மெலிந்த கம்பிதான் தடிமனான கம்பியைவிட அதிக நாள் தாங்கும். 100 கிலோ இழுவிசையில் முழுக்க 2.0 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நீளும். நடுவில் 1.5-க்கு மெலிந்த கம்பி 0.8 வரை நீளும். ரிம் அதே அளவு அமுங்கும்போது, கூடுதலாக நீண்டிருப்பது அவ்வளவு எளிதில் முழுசாகத் தளராது. வளைவில் 2.0 அப்படியே இருப்பதால் அங்கே பலமும் குறையாது. "எனக்கு வெயிட் ஜாஸ்தி, தடிமன் கம்பியா போடுங்க" என்று கேட்பவர்கள் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், தடிமனை இல்லை.

இதைப் புத்தகம் எதுவும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தவர் அயனாவரத்தில் ஒரு சைக்கிள் கடை அண்ணன். பஞ்சர், ஓவராயில், பெண்டு எடுக்கிறது எல்லாம் ஒரே ஆள். நம் ஊர் பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி இருக்கும், எண்ணிப் பாருங்கள். தேங்காய் மூட்டை, கேஸ் சிலிண்டர், பின்னால் ஒரு குடும்பம் என்று எல்லாச் சுமையும் பின் வீலில் ஏறுவதால் அந்த எட்டுக் கம்பி கூடுதல். என் 24 கம்பி வீலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல ஒரு சிலிண்டர் வச்சா என்னா ஆவும்?" என்றார். நான்தான் அண்ணே அந்தச் சிலிண்டர் என்றேன். ரோடு பைக்காரர்கள் இந்த மாதிரிக் கடைகளைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் பிடிக்காது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஃபோர்க்கையே ஸ்டாண்டாக வைத்து, கட்டைவிரல் நகத்தையே அளவுகோலாக வைத்து அவர் பெண்டு எடுக்கிற வேகத்துக்கு, குளிர்சாதனம் போட்ட கடையில் இருக்கும் பாதிப் பேர் பக்கத்தில்கூட வர முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் பார்ப்பது பக்கவாட்டுக் கோணல் மட்டும், கம்பிக்குக் கம்பி இழுவிசை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரும்பு ரிம்மின் விறைப்பு அதை மன்னித்துவிடும். மெல்லிய அலுமினிய ரிம் மன்னிக்காது.

வேலை உண்மையில் ஆரம்பிப்பது அளவெடுப்பதில். ரிம்மின் உள் விட்டம் என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பாமல், அளவு தெரிந்த இரண்டு பழைய கம்பியை எதிரெதிர்த் துளையில் நிப்பிளோடு மாட்டி, நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே 2 மில்லிமீட்டர் தவறினால் கம்பி நீளம் 1 மில்லிமீட்டர் தவறும், அதற்கு மேல் போனால் நிப்பிளில் மரை போதாது, இல்லை தலைக்கு மேல் துருத்தும். பின் வீலில் வலது கம்பி ஓர் அளவு, இடது கம்பி இன்னோர் அளவு. என்னுடையது ஷிமானோ 105 ஹப், டிடி ஸ்விஸ் ஆர் 460 ரிம், வலப்பக்கம் சாப்பிம் ரேஸ் கம்பி, இடப்பக்கம் அதைவிட மெலிந்த சாப்பிம் லேசர். இடது மட்டும் ஏன் மெலிவு என்றால், கேசட்டுக்கு, அதாவது பின் பல்சக்கர அடுக்குக்கு, இடம் விடுவதற்காக ஹப்பின் வலது காது (கம்பி மாட்டும் துளைகள் உள்ள தட்டு) உள்ளே தள்ளி இருக்கும், அதனால் ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இடது கம்பிகளின் இழுவிசை வலதில் ஏறக்குறைய பாதிதான் இருக்க முடியும். பாதி இழுவிசையில் லூசாகாமல் இருக்க மெலிந்த கம்பிதான் சரி. ஃபேக்டரி வீல்களில் இடது பக்கக் கம்பி அடிக்கடி உடைவதற்கும் இதுதான் காரணம், வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோப்பது பயந்த அளவுக்குக் கஷ்டம் இல்லை. முதல் கம்பியை வால்வுத் துளைக்குப் பக்கத்துத் துளையில் போட்டு, ஒன்று விட்டு ஒன்று ஹப் துளை, நாலு துளைக்கு ஒரு தடவை ரிம் என்று போனால் எட்டுக் கம்பி தன்னால் நிற்கும். அப்புறம் ஹப்பை முறுக்கிவிட்டு எதிர்த்திசைக் கம்பிகள். ஒவ்வொன்றும் மூன்று கம்பியைக் கடக்கும், முதல் இரண்டுக்கு மேலாகப் போய், மூன்றாவதுக்கு மட்டும் அடியில் நுழைந்து வர வேண்டும். ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை வாங்கிய சாய்வுக் கோப்பின் வாரிசு இது. மிதிக்கிற விசை ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போக இந்தச் சாய்வு வேண்டும், நேர்க்கோட்டுக் கம்பியால் அதைக் கடத்த முடியாது. வால்வு இரண்டு கம்பிகளுக்கு நடுவே அகலமான இடத்தில் வந்ததா என்று இப்போதே பாருங்கள், இல்லாவிட்டால் பம்ப் தலை உள்ளே நுழையாது, பிரித்துத்தான் மறுபடி.

அப்புறம் இறுக்குவது. எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். முதலில் மேலும் கீழும் குதிக்கிறதைச் சரி செய்யுங்கள், இறுகிய பிறகு அதை எடுக்க முடியாது. அதற்குப் பிறகு பக்கவாட்டுக் கோணல், ரிம் நடுவில் நிற்கிறதா என்பது, மறுபடி பக்கவாட்டு, கால் கால் சுற்றாக. நிப்பிளைத் திருப்பும்போது மெல்லிய கம்பியும் கூடவே முறுக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. கம்பியில் ஒரு துண்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டினால் அது சாய்வது தெரியும். வேண்டிய அளவைத் தாண்டிக் கொஞ்சம் திருப்பி, கொடி நேராகும் வரை பின்னால் வர வேண்டும். இதைச் செய்யாத வீல்தான் முதல் சவாரியில் டிக் டிக் என்று சத்தம் போட்டு, வீடு வரும்போது கோணியிருக்கும்.

இழுவிசை ஒன்றாக இருக்கிறதா என்று காதே சொல்லும். ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் சுருதி பிசகும் இடம் தனியாகக் கேட்கும். அரைச் சுரம் மாறினாலே இழுவிசை 12 சதவீதம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். கோணல் அரை மில்லிமீட்டர் இருந்தாலும் பரவாயில்லை, சுருதி சேர வேண்டும். ரிம் கத்தி மாதிரி நேராக ஓடும், ஆனால் ஒரு கம்பி கீச்சென்றும் அடுத்தது தொப்பென்றும் கேட்கும், அந்த வீல் சீக்கிரமே பெண்டு எடுக்கக் கடைக்குப் போகும். கடைசி அளவுக்கு மட்டும் மீட்டர் வேண்டும்: வலப்பக்கம் 120 கிலோவுக்குப் பக்கம், இடது தன்னால் 60-ஐ ஒட்டி வரும். எல்லாக் கம்பியையும் கூட்டினால் 460 கிராம் வளையம் ஒன்றை 2.9 டன் விசை நடுவை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது! பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையுறை போட்டுக்கொண்டு வலிக்க வலிக்கப் பிடித்து நெரித்துவிடுங்கள், வளைவுகள் ஹப்பில் நன்றாகப் படிந்து உட்காரும். அதற்குப் பிறகு ஒருமுறை சரி பார்த்தால் முடிந்தது.

கட்டிய வீலில் ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்டால், வேகத்தில் ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எழுந்து நின்று மிதித்தபோது பின் ரிம் பிரேக் கட்டையில் உரசவில்லை, பழைய வீலில் ஒவ்வொரு மிதிக்கும் சர் சர் என்று கேட்கும். வேகத்தடையில் தூக்கிப் போட்டால் மனசு பின் வீலுக்கு ஓடுவதில்லை.

ஆரம்பிக்கிறவர்கள் முன் வீலில் ஆரம்பியுங்கள், டிஸ்க் பிரேக் இல்லாத முன் வீல் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, தலைவலி பாதி. கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்கள் எடைக்கு ஆசைப்பட்டு அலுமினிய நிப்பிள் போடாதீர்கள், உப்புக் காற்றில் கம்பியோடு அரித்துப் பிடித்துக்கொள்ளும், திருப்பினால் தலை கையோடு வரும். பித்தளை போடுங்கள். ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை, பழைய ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் கேபிள் டை கட்டி நுனியை ரிம்முக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டால் அதுவே ஸ்டாண்ட். நிப்பிள் சாவி மட்டும் நல்லதாக வாங்குங்கள், மலிவானது முனையை உருட்டிவிடும். டென்ஷன் மீட்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது, சென்னைக்குள் யார் கேட்டாலும் தருவேன். சனிக்கிழமை வாங்கிக்கொண்டு போனால் ஞாயிறு ராத்திரிக்குள் திரும்ப வந்துவிட வேண்டும், போன தடவை வாங்கிப் போனவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.