காக்காயே பறக்காத மலை

(சென்னிமலை அடிவாரம். வெடியால அஞ்சரை மணி. மச்சான் சின்னச்சாமிக்குப் போர்வை யாவாரம், வயசு 56, ஆறு மாசமாகச் சர்க்கரை. மாப்பிள்ளை தங்கவேலுக்கு வயசு 34, பெருந்துறைப் பக்கம் கம்பெனி வேலை, பொழுதோட ஜிம். மச்சான் ஒரு கையில் தொடையைத் தேய்க்கிறார், இன்னொரு கையில் புது ஷூவைப் பிடித்திருக்கிறார்.)

தங்கவேல்: வாங்க மச்சான், போலாமுங். வெய்ய வர்றதுக்குள்ள மேல சேர்ந்துரோணும்.

சின்னச்சாமி: சித்தெ இரு மாப்ளே. தொடை ரெண்டும் புடிச்சு இழுக்குது.

தங்கவேல்: இன்னும் ஒரு படிகூட ஏறலீங்களே!

சின்னச்சாமி: அது... ராத்திரி படுத்த வாக்கு. அத வுடு. இந்த ஷூவ எங்க வெக்கறது?

தங்கவேல்: கோயில் படிக்கு வெறுங்காலோடதான் ஏறோணுமுங். கடையில குடுத்து வெச்சிட்டு வாங்க.

சின்னச்சாமி: மூவாயிரம் ரூவா. இதக் கீழ வுட்டுட்டு ஏறுனா மனசு பூராக் கீழயே கெடக்கும். மனசில்லாம சாமி கும்புட்டா நல்லாருக்குமா? நான் பையில போட்டுத் தோள்ல மாட்டிக்கறேன்.

தங்கவேல்: அதுவுஞ் சரிதானுங். எடை தூக்கறதும் வேணும். வாரத்துல ரெண்டு நாளாச்சும் தசைக்கு வேலை வெக்கோணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

சின்னச்சாமி: ஷூவத் தூக்கச் சொல்லுச்சா?

தங்கவேல்: ஏறுங்க மச்சான்.

(இருபது படி. மச்சான் நிற்கிறார்.)

சின்னச்சாமி: மாப்ளே, இந்த மலையில காக்கா பறக்காதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, தெரியுமா?

தங்கவேல்: தெரியுமுங். நானும் இந்த ஊர்க்காரன்தான்.

சின்னச்சாமி: ரெக்கை இருக்கற காக்காயே வேண்டாம்னு ஒதுங்கிக்கிச்சு. என்னையப் போயி ஏறச் சொல்றியே!

தங்கவேல்: காக்கா ஏறலீன்னா என்னங்க, மாட்டு வண்டியே ஏறியிருக்குது. 1984 பிப்ரவரி 12. ரெட்டை மாட்டு வண்டி, இந்த 1320 படியும் ஏறுச்சு. ஊரே தெரண்டு நின்னு பார்த்துச்சுங்களாம்.

சின்னச்சாமி: அதுல உக்காந்து போறதுன்னா நானும் வந்திருப்பனே!

(ஐம்பது படி. முதல் மண்டபம் எட்டிப் பார்க்கிறது. மச்சானின் நடையில் திடீரென்று ஒரு சுறுசுறுப்பு. மண்டபத்தைக் கண்டதும் வருகிற சுறுசுறுப்பு உட்காருவதற்கானது என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது.)

தங்கவேல்: இப்பவே உக்கார வேண்டாமுங். தினம் 11,000 அடி நடக்கறவருக்கு இது ஒரு படியா? குடும்பக் குரூப்புல அந்தக் கைக்கடிகாரக் கணக்கப் படம் புடிச்சுப் போட்டீங்களே, என்ற கம்பெனியில எல்லாருக்கும் காட்டுனேன். அம்பத்தாறு வயசுல எங்க மச்சானப் பாருங்கடான்னு.

சின்னச்சாமி: காட்டிப் போட்டியா?

தங்கவேல்: மேனேஜருக்கும் காட்டுனேன்.

சின்னச்சாமி: (குரலை இறக்கி) மாப்ளே, ஒரு சங்கதி. ஒறம்பரைக்குள்ளயே இருக்கட்டும். பேத்தி பொறந்து புள்ளை ஊட்டுக்கு வந்திருக்கறால்லோ?

தங்கவேல்: ஆமாங்.

சின்னச்சாமி: கொழந்தை தூளியாட்டுனாத்தான் தூங்குது. அந்தக் கடிகாரத்தக் கட்டீட்டு ஆட்டுனேன். கை ஒருக்கா முன்னால போயிப் பின்னால வந்தா, அது ஒரு அடின்னு எழுதிக்குது.

தங்கவேல்: மச்சான்!

சின்னச்சாமி: நானா எழுதச் சொன்னேன்? பத்தாயிரம் ஆனதும் அதுவே கையில குறுகுறுன்னு ஆடி, பட்டாசு வேற வெடிச்சுக் காட்டுது. வர்ற மரியாதைய வேண்டாம்னா சொல்றது?

தங்கவேல்: அப்ப நேத்து 9,000 அடி?

சின்னச்சாமி: அது உங்கக்கா. நேத்து அவ கையில கட்டியிருந்தா.

(மாப்பிள்ளை படியிலேயே உட்காருகிறான். மச்சானும் நிம்மதியாகப் பக்கத்தில் உட்காருகிறார்.)

தங்கவேல்: சரி, போகட்டும். அந்தப் பத்தாயிரமே டாக்டருங்க கண்டுபுடிச்ச கணக்கில்லீங்க. டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்து, அடுத்த வருசம், 1965-ல, ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணற கருவிக்குப் பத்தாயிரம்னு பேரு வெச்சு வித்துச்சு. அது அப்பிடியே ஒலகம் பூராப் பரவிருச்சு.

சின்னச்சாமி: யாவாரியா சொன்னது? அடேயப்பா! நம்ம தொழில்காரன்! போர்வைக்கு நானும் இப்பிடி ஒரு நம்பர் வெச்சிருந்தா இன்னேரம்...

தங்கவேல்: கணக்கு இதுதானுங். வாரத்துக்கு 150 நிமிசம் மிதமா ஒடம்பசைக்கோணும். முடிஞ்சா 300 வரைக்கும். அஞ்சு நாளைக்குப் பிரிச்சா தினம் அரை மணி.

சின்னச்சாமி: 150 நிமிசமா? ஒரு சினிமா நேரம்! இதுக்கா இத்தன நாளா என்னையப் பயமுறுத்தி வெச்சிருந்தே? ஒரே ஞாயித்துக்கெழமை முடிச்சுப்போடலாம்.

தங்கவேல்: தியேட்டர்ல உக்கார்றதில்லீங்க, நடக்கறது. மிதமுன்னா, நடக்கையில பேச்சு வரோணும், பாட்டு வரக்கூடாது. பேச்சே வரலீன்னா வேகம் எச்சு. பாட்டுப் பாட முடிஞ்சா வேகம் பத்தாது.

சின்னச்சாமி: எனக்குப் பொறந்ததுல இருந்தே பாட்டு வராது. அப்ப சும்மா உக்காந்திருந்தாலும் மிதந்தானே?

(மணிச்சத்தம். திருமஞ்சனத் தண்ணீரைச் சுமந்துகொண்டு பொதிகாளை படியேறி வருகிறது. இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒதுங்கச் சொல்லி மூக்கால் ஒரு ஊது ஊதிவிட்டுப் போகிறது. தினமும் ஏறுகிற காளை. அதன் கையில் கடிகாரம் கிடையாது.)

தங்கவேல்: பார்த்தீங்களா?

சின்னச்சாமி: அதுக்கு நாலு காலு. எனக்கும் உனக்கும் சேர்த்தே நாலுதான்.

(எப்படியோ கிளம்புகிறார்கள். அடுத்த முந்நூறு படிக்குப் பேச்சில்லை, பெருமூச்சுதான். இடும்பன் சந்நிதி.)

சின்னச்சாமி: ஏம் மாப்ளே, ஒப்புட்டு ஒண்ணுக்கு எத்தன படி?

தங்கவேல்: அப்பிடிக் கணக்குப் போடக்கூடாதுங்.

சின்னச்சாமி: கொள்முதல் தெரியாம யாவாரம் பண்ணச் சொல்றியே!

தங்கவேல்: ஒடம்புலயே பெரிய தசை தொடையிலயும் இடுப்புக்குக் கீழயுந்தான் இருக்குது. படி ஏறறப்ப அது வேலை செய்யும். வேலை செய்யற தசை ரத்தத்துல இருக்கற சர்க்கரைய இழுத்துக்கும். அதனால சாப்புட்டுட்டு ஒரு பத்து நிமிசம் நடந்தாக்கூட நல்லது. நீங்க சாப்புட்டதும் நேராக் கட்டலுக்குப் போறீங்கன்னு அக்கா சொல்லுது.

சின்னச்சாமி: கட்டலுக்கும் நடந்துதான் போறேன்.

தங்கவேல்: இடும்பன் ரெண்டு மலையக் காவடி கட்டித் தூக்கீட்டு வந்தாருங். நீங்க ஒரு மலையக்கூடத் தூக்க வேண்டாம், ஏறுனாப் போதும்.

சின்னச்சாமி: அவருக்குச் சர்க்கரை இருந்துச்சா? கேட்டுச் சொல்லு.

தங்கவேல்: நெசமாவே கேக்கறேன், நெஞ்சுல இறுக்கம், தலை சுத்தல் ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா இப்பவே திரும்பிரலாம். அதுல வெளையாட்டு வேண்டாம்.

சின்னச்சாமி: (யோசித்து) அதெல்லாம் இல்ல மாப்ளே. மூச்சுத்தான் வாங்குது. பொய் சொல்லலாம்னு பார்த்தேன், முருகன் எதுத்தாப்புல நிக்கறான்.

தங்கவேல்: அப்ப நல்லது. இதே மாதிரி வாரம் ரெண்டு தடவை ஏறி, டாக்டருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டமுன்னா, பங்குனியில வெள்ளியங்கிரி போயிரலாமுங்.

சின்னச்சாமி: எங்க?

தங்கவேல்: வெள்ளியங்கிரி. பூண்டியில இருந்து ஏழு மலை. மூங்கில் தடி ஊனிக்கிட்டு ராத்திரியில ஏறுனா, ஏழாவது மலையில பொழுது கெளம்பறதப் பார்க்கலாம். குளுரு மட்டும் பல்லுக் கட்டிப்போயிரும்.

சின்னச்சாமி: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருக்கறவங்க ஏற வேண்டாம்னு வனத்துறையே எச்சரிக்குது, தெரியுமா? பேப்பர்ல படிச்சேன்.

தங்கவேல்: பரவால்லீங்களே, உங்களுக்கு வேணுங்கறத மட்டும் நல்லாப் படிச்சு வெச்சிருக்கறீங்க. அதுக்குத்தான் டாக்டர்கிட்டக் கேக்கலாங்கறேன். அவரு வேண்டாம்னுட்டா இந்த மலையே போதும்.

சின்னச்சாமி: இல்லாட்டி இப்பிடிப் பண்ணலாம். ஒறம்பரையில ஆம்பளைங்க ஏழு பேரு இருக்கறோம். ஆளுக்கொரு மலை. மொத மலை என்னுது.

தங்கவேல்: மொத மலையிலதான் மூச்சே வாங்குமுங், செங்குத்தான படி.

சின்னச்சாமி: அப்ப அத நீ வெச்சுக்க.

(உச்சி. காற்று வீசுகிறது. கீழே ஊர், அதைத் தாண்டிப் பெருந்துறைப் பக்கம் புகைபோக்கிகள். சாமி கும்பிட்டாயிற்று. மச்சான் முகத்தில் இதுவரை காணாத ஒரு தெளிவு.)

தங்கவேல்: எப்பிடி இருக்குதுங்?

சின்னச்சாமி: பசிக்குது மாப்ளே. நல்லாப் பசிக்குது. இப்பிடிப் பசிச்சே ரொம்ப நாளாச்சு.

தங்கவேல்: எறங்கலாமுங். மெதுவா, பக்கவாட்டுல கைப்புடியப் புடிச்சுக்கங்க.

சின்னச்சாமி: நீ எறங்கு. நான் ஸ்கூட்டில வாரேன்.

தங்கவேல்: ஸ்கூட்டியா?

சின்னச்சாமி: ஏறறப்ப மூச்சுத்தான் வாங்கும், எறங்கறப்ப ஒடம்போட பாரம் பூரா முட்டிலயும் தொடையிலயும் எறங்கும்னு போன வாரம் நீதான சொன்னே? அதான், நேத்துப் பொழுதோடயே வண்டி ரோட்டுல ஸ்கூட்டியக் கொண்டாந்து, மேல தேங்காப்பழக் கடைக்காரருகிட்ட நிறுத்தி வெச்சுட்டேன். முன்யோசனை!

தங்கவேல்: சரிங். வண்டிய மேல வெச்சுட்டு, நேத்து எப்பிடிக் கீழ போனீங்க?

சின்னச்சாமி: படியிலதான். எறங்கி... நடந்து...

(மௌனம்.)

தங்கவேல்: 1320 படி.

சின்னச்சாமி: எண்ணலை.

தங்கவேல்: தொடை இழுக்கறது அதுதானுங்! எறங்குன வலி அன்னைக்குத் தெரியாது. மக்கா நாள்ல இருந்துதான் தெரியும். நாளைக்கு இன்னும் எச்சாத்தான் இருக்கும். நடக்கறதுக்குப் பயந்து நடந்திருக்கறீங்க!

சின்னச்சாமி: கண்றாவி, அன்னைக்குன்னு பார்த்துக் கடிகாரம் உங்கக்கா கையில! ஒரு நாள் நெசமா நடந்தேன், அதுக்குக் கணக்கே இல்லாமப் போச்சு. சரி வா, வண்டில ரெண்டு பேரும் போயிரலாம். நீயும் ஏறிக்க.

(சட்டைப் பையைத் தடவுகிறார். பிறகு ஷூப் பையை. பிறகு ஷூவுக்குள் கைவிட்டு.)

தங்கவேல்: என்னுங்?

சின்னச்சாமி: சாவி நேத்துப் போட்டிருந்த சட்டையில.

தங்கவேல்: இன்னொரு சாவி இருக்குமுல்லீங்?

சின்னச்சாமி: அது பத்தரமா இருக்குது. அதப் பத்திக் கவலையில்ல.

தங்கவேல்: எங்கீங்?

சின்னச்சாமி: ஸ்கூட்டி சீட்டுக்குள்ள.

(மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் பிரசாதம் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.)

தங்கவேல்: அப்ப இப்ப எறங்கோணும். சாவிய எடுத்துட்டு நாளைக்கு மறுக்கா ஏறோணும். எனக்கு நாளைக்குக் காலை சிப்டு, ஒண்டியாத்தான் ஏறோணும்.

சின்னச்சாமி: (கீழே இறங்கத் தயாராகும் பொதிகாளையையே பார்த்தபடி) மாப்ளே, அது வெடியால எத்தன மணிக்குக் கெளம்புதுன்னு விசாரிச்சுட்டு வா.

தங்கவேல்: எதுக்குங்?

சின்னச்சாமி: கழுத்து மணியோட சேர்த்துச் சாவியக் கட்டி உட்டா, மேல வந்து சேர்ந்துராது?

தங்கவேல்: சாவி வந்து சேர்ந்துருமுங். வண்டிய ஆரு ஓட்டறது, காளையா?