திருவிழாக் காலத்தில் இந்தச் சத்தம் எதற்கு?
ஆடி பிறந்தால் எங்கள் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு மனம் காத்திருக்கும். அமாவாசைத் தீர்த்தத்துக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும், மட்டக்களப்பு டவுனே கலகலவென்று இருக்கும், அது எனக்கு நல்ல விருப்பம். ஆனால் கடை வாசல்தோறும் ஆளுயர ஸ்பீக்கர் வைத்து, ஒரே விலைக்கழிவு அறிவிப்பைக் காலையிலிருந்து இரவுவரை அலறவிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நேற்று மருதமுனைக் கைத்தறிச் சாரம் (லுங்கி) ஒன்று வாங்கப் போனேன். மூன்று தரம் கத்தி விலை கேட்டும் அந்த வயதான முதலாளி காதைக் காட்டிக் கையை விரிக்கிறார். இத்தனைக்கும் அவர் கடையில் ஸ்பீக்கரே இல்லை, பாவம். நடைபாதை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்பதால், பன்பாயும் தயிர்ச் சட்டியும் விற்கிற அம்மாமார் ரோட்டோர வெயிலில் குந்தியிருக்கிறார்கள். வெளியூர்ச் சனம் முதலில் பார்க்க வேண்டியது அவர்களுடைய கைவேலையை அல்லவா? வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடுகிற மண் இது, மத்தளமும் சல்லரியும் கேட்க வேண்டிய நாட்களில் இந்த இரைச்சல் எதற்கு? சரி, வியாபாரம் செய்யுங்கள், சத்தத்தை மட்டும் குறையுங்கள், அப்புறம் அந்தப் பெட்டிகளை உள்ளே எடுத்து அம்மாமாருக்கு நிழலில் கொஞ்சம் இடம் விடுங்கள்.