400 வருடம் என்றால் குறைச்சலா?

பிலிப்பைன்ஸின் பனாவே மலையில் படிப்படியாகச் சுவர் கட்டி அமைத்த வயல்களின் படம் எங்கே வந்தாலும் கூடவே ஒரு வரி வந்துவிடும்: 2000 வருடப் பழமை, உலகின் எட்டாவது அதிசயம். அந்த 2000 எங்கிருந்து வந்தது? ராய் பார்ட்டன், ஓட்லி பேயர் என்று போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த இரண்டு அமெரிக்கர்கள் சொன்னது. இவ்வளவு சுவரைக் கையால் கட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்று போட்ட மனக்கணக்கு, அவ்வளவுதான்.

மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் தொல்லியலாளர் ஸ்டீபன் அக்கபாடோ. அந்த மலையில் வாழும் இஃபுகாவ் மக்களையும் சேர்த்துக்கொண்டு பழைய கியாங்கன் ஊரில் தோண்டினார். நீர் கட்டி நெல் விளைவிக்கத் தொடங்கியது ஏறக்குறைய 400 வருடத்துக்கு முன்புதான் என்றார். அதற்கு முன் சேப்பங்கிழங்கு. சிலருக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கென்னவோ இந்தக் கதைதான் பெரிதாகப் படுகிறது. இந்த மலைகள் இருக்கும் லூசோன் தீவின் வடக்குச் சமவெளிக்குள் ஸ்பானியர்கள் நுழைந்த காலம் அது. அடங்க மனமில்லாதவர்கள் மலையேறி, அந்த மலையையே வயலாக வெட்டித் திரண்டு நின்றார்கள் என்பது அக்கபாடோவின் வாதம். 300 வருடத்துக்கு மேல் நாட்டை ஆண்டும் ஸ்பானியர்களால் அந்த மலையைக் கைக்குள் கொண்டுவர முடியவில்லை. துரத்தப்பட்டவர்கள் சில தலைமுறைக்குள் செய்து காட்டிய வேலை என்பது உசத்தி இல்லையா?

வயதைச் சொல்லியே பெருமைப்பட்டால் வயல் நினைவுச்சின்னம் ஆகிவிடும். சின்னத்துக்குக் காவலாள் போதும். இதற்குத் தினமும் ஆள் வேண்டும்.

அந்த மலையிலுள்ள பதாட் ஊரில் வரப்பின் மேல் நடந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. ஒரு பக்கம் முழங்கால் அளவு சேறு, மறுபக்கம் இரண்டு ஆள் உயரக் கற்சுவர், நடுவில் ஒரு அடி அகலப் பாதை. எனக்கு முன்னால் போன பெரியவர் சட்டென்று நின்றார். சுவர் ஓரம் விரல் நுழைகிற அளவு ஓட்டை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மண்புழு வேலை. குனிந்து ஒரு பிடி களிமண் அள்ளி அடைத்து, குதிகாலால் நாலு மிதி மிதித்துவிட்டு நடந்தார். வயல் காய்ந்தால் புழு பெருகும், அப்புறம் சுவரே சரியும் என்றார். அதனால் அறுவடைக்குப் பிறகும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர் வருவது மேலே உள்ள 'முயோங்' காடுகளிலிருந்து. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு.

அங்கே விளைவது தினாவோன் நெல். பெயருக்கே வருடம் ஒருமுறை என்றுதான் அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை: நம் தாத்தாக்கள் வயலில் இறக்கிய ஐ.ஆர்.எட்டு, 1966இல் இதே லூசோன் தீவின் லாஸ் பான்யோஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வந்தது. சீக்கிரம் விளை, நிறைய விளை என்ற நெல்லும், வருடத்துக்கு ஒரு தரம் போதும் என்ற நெல்லும் ஒரே தீவில்!

தினாவோனைப் பெண்கள் கதிர் கதிராகக் கையால் அறுப்பார்கள். அப்போது பாடுவது ஹுட்ஹுட். வயதான ஒரு பெண் முன்னால் எடுத்துப் பாட, மற்றவர்கள் சேர்ந்து பின்பாட்டுப் பாடுவார்கள். 200க்கு மேல் கதைகள், ஒவ்வொன்றும் 40 பகுதி, எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு. அலிகுயோனும் பும்பாக்ஹாயோனும் வருடக்கணக்கில் சண்டை போட்டு, யாரும் ஜெயிக்காமல், ஒருவர் தங்கையை மற்றவர் கட்டிக்கொண்டு சமாதானமாகும் கதையும் அதில் ஒன்று. 2008இல் யுனெஸ்கோ ஹுட்ஹுட்டைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சரி, கையறுவடை நின்றுபோனால் அந்தப் பாட்டை எங்கே பாடுவது? மேடையிலா?

வயல்களை 1995இலேயே உலகப் பாரம்பரியம் ஆக்கினார்கள். 2001இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய் 2012இல் வெளியே வந்தது. போஸ்ட் கார்டில் வரும் பனாவே வியூபாயின்ட் வயல் மட்டும் உலகப் பாரம்பரியம் ஆன ஐந்து வயல் தொகுதிகளில் கிடையாது. சுற்றுலாக்காரர் நிற்பதென்னவோ அங்கேதான். அவர்களுக்கு விற்க 'புலுல்' பொம்மை செதுக்குகிறார்கள். நெற்குதிருக்குக் காவல் இருக்க வேண்டிய புலுல்! அந்த மரச்சிற்பத் தொழிலுக்குக் காட்டு மரம் போனால் தண்ணீர் குறையும்.

அரசாங்கம் சுவருக்குப் பணம் ஒதுக்குவதை நான் குறை சொல்லவில்லை. தினாவோன் விளைவிக்கிறவருக்கு அந்த நெல்லால் குடும்பம் ஓட வேண்டும், அதற்கு முதலில் வழி செய்யுங்கள் என்கிறேன். பதாட் பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல். மகன் பாகியோ நகரத்தில் வண்டி ஓட்டுகிறானாம். போன மழையில் சரிந்த சுவரை எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டேன். மகன் அனுப்பிய பணத்தில் கூலிக்கு ஆள் பிடித்தேன் என்றார்.