1961-க்குப் பிறகுதான் 1962 வரும்

சனிக்கிழமைக் கருத்தரங்கைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன். நான்கு நாளாகியும் தணிந்தபாடில்லை.

வங்காளக் கவிஞர்களின் 'பசித்த தலைமுறை' என்ற கலக இலக்கிய இயக்கம், மரபை மீறிய 'பீட்' கவிஞர் குழுவைச் சேர்ந்த அமெரிக்கர் ஆலன் கின்ஸ்பெர்க் இங்கே ஊன்றிவிட்டுப் போன விதை என்று அந்த ஆய்வாளர் சொன்னபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மலய் ராய்சௌத்ரி, அவருடைய அண்ணன் சமீர், சக்தி சட்டோபாத்யாய், தேபி ராய் ஆகிய நால்வரின் முதல் அறிக்கை பாட்னாவில் அச்சானது 1961 நவம்பரில். கின்ஸ்பெர்க் பம்பாயில் வந்து இறங்கியது 1962 பிப்ரவரியில். விதைப்பவர் வருவதற்கு முன்பே முளைத்துவிடும் பயிரை நம் ஆய்வுத்துறை மட்டுமே கண்டிருக்கிறது. இதைத்தான் எழுந்து கேட்டேன். "ஆண்டுகளில் சிக்கிக்கொள்ளாதீர்கள் ஐயா" என்று பதில் வந்தது, கூடவே சிரிப்பும்.

முதல் அறிக்கையே ஆங்கிலத்தில்தானே இருந்தது என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் மடக்கியிருக்கிறார். பாட்னாவில் அதை அச்சிட வங்காள எழுத்துள்ள அச்சகம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இயக்கத்தின் பெயரிலுள்ள 'ஹங்ரி' (பசித்த) என்ற சொல்லும் ஓர் ஆங்கில வரியிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதியவர் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். அவரையும் பீட் கவிஞராக்கிவிடலாம் என்றால் எனக்கு ஆட்சேபமில்லை.

பாட்னாவின் இம்லிதலா என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர் மலய். தேபி ராயின் இயற்பெயர் ஹாராதன் தாரா. ஹவுராவின் எளிய குடும்பத்திலிருந்து வந்தவர். கல்கத்தாவின் நாகரிகத் தமிழ், மன்னிக்கவும், நாகரிக வங்காளம் (நம் பழக்கம் எங்கே போகும்?) வாசலிலேயே நிறுத்தி வைத்த மொழியைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்கள். பிரிவினைக்குப் பிறகு அகதிகள் குவிந்து கிடந்த நகரத்துக்குப் பசியைக் கற்றுக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டுமா?

ஆபாசமாகக் கவிதை எழுதினார் என்று மலய் மீது வழக்கு நடந்தபோது கின்ஸ்பெர்க் கடிதங்கள் எழுதி உதவினார். அந்த நன்றியை மறக்கக் கூடாது. இயக்கத்தில் பெண்களின் குரல் ஏறக்குறைய இல்லை என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் 1964 செப்டம்பரில் கையில் விலங்கும் இடுப்பில் கயிறுமாகத் தெருவில் நடத்திச் செல்லப்பட்டவர் மலய். ஒரே ஒரு கவிதைக்காக 1965 டிசம்பரில் அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1967 ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இயக்கத்தைக் கூட இருந்து தொடங்கிய சக்தி அந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியானார். இயக்கத்தை ஏற்காத எழுத்தாளர் சுனில் கங்கோபாத்யாய் மலய்க்காகச் சாட்சி சொன்னார். ஆராய்ச்சி செய்ய இதைவிட என்ன வேண்டும்? இவற்றையெல்லாம் விட்டுவிட்டு கின்ஸ்பெர்க் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார் என்று நாற்பது நிமிடம் படம் காட்டினார்கள்.

"நீங்கள் பேராசிரியர் இல்லையே" என்பது அடுத்த வாதம். இல்லைதான். வங்கி எழுத்தராகக் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போய், வீட்டுக்காரர் மகனிடம் வங்காள அரிச்சுவடி கற்றவன் நான். ஃபால்குனி ராய் இந்த இயக்கத்தைச் சேர்ந்த, 1981-இல் முப்பத்தைந்து வயதில் இறந்துபோன கவிஞர். அவருடைய மெல்லிய தொகுப்பைத் தேடிக் காலேஜ் தெருவில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். கடைசியில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் நகலெடுத்த தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறீர்களா?" என்று கேட்டார். நானே படிக்கத்தான் என்று சொன்னதும் பத்து ரூபாயைக் குறைத்துக்கொண்டார். அகராதியோடு ஒரு மழைக்காலம் முழுவதும் அதைப் படித்தேன். சனிக்கிழமை மேடையில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு கவிதையையாவது வங்காளத்தில் படித்திருப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று பங்கேற்புச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. கருத்தரங்கு நடந்த ஆண்டைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். நான் எதுவும் கேட்கவில்லை.